ஒன்று போதாத வாத்தியம்

என்னிடம் இளங்கலைத் தமிழ் படித்த மாணவன் ஒருவன் கிடார் வாசிப்பான். ஒருநாள் அவனுடைய தந்தை கல்லூரிக்கு வந்திருந்தார். மகனுடைய வருகைப்பதிவு பற்றிப் பேச வந்தவர், பேச்சுவாக்கில் தம் மனக்குறையையும் சொன்னார். "வீட்டுல ஏற்கெனவே ஒண்ணு கிடக்குது சார். இப்ப இன்னொண்ணு வேணுங்கிறான். ரெண்டுலயும் ஆறு கம்பிதானே?"

நியாயமான கேள்விதான். மறுநாள் மாணவனிடம் கேட்டேன். அவன் சொன்ன பதில் எளிமையானது. வீட்டில் இருப்பது நைலான் நரம்பு கட்டிய கிடார். அவன் வாசிக்க விரும்பும் இசைக்கு எஃகுக் கம்பி வேண்டும். "இதுலயே எஃகுக் கம்பி கட்டலாமே" என்றேன். "கட்டினா இழுக்கிற இழுப்புல கழுத்து வளைஞ்சிடும், இல்லேன்னா பாலம் பெயர்ந்துடும் ஐயா" என்றான்.

அந்த ஒரு வாக்கியம் என்னை வெகுநாள் விடவில்லை. காரணம், கிட்டத்தட்ட அதே வாக்கியத்தைச் சிறுவயதில் வேறொரு வாத்தியத்தைப் பற்றி நான் கேட்டிருக்கிறேன். அதைப் பிறகு சொல்கிறேன். அதற்குமுன், ஒரு கலைஞன் ஏன் ஒரே வாத்தியத்தில் இரண்டு மூன்றை வைத்துக்கொள்ள நேர்கிறது என்பதற்கு நம்மிடையே உள்ள மிகத் தெளிவான சான்றாகிய மிருதங்கத்தின் வரலாற்றைச் சற்றுப் பார்க்கலாம்.

*

வாத்தியங்கள் பல என்பது தமிழ் மரபுக்குப் புதிதன்று. தொல்காப்பியர் கருப்பொருள்களை அடுக்கும்போது பறையையும் யாழையும் அவற்றுள் வைக்கிறார். குறிஞ்சிக்குத் தொண்டகப்பறை, முல்லைக்கு ஏறுகோட்பறை என்று உரையாசிரியர்கள் நிலத்துக்கொரு பறையைக் காட்டுவர். யாழிலும் இருபத்தொரு நரம்புடைய பேரியாழ் முதல் ஏழு நரம்புடைய செங்கோட்டியாழ் வரை வகைகள் பேசப்படுகின்றன. ஆனால் பத்துப்பாட்டில் நாம் சந்திக்கும் பாணர்களைப் பாருங்கள். ஒருவன் சீறியாழ்ப் பாணன், மற்றவன் பேரியாழ்ப் பாணன். கையிலிருக்கும் யாழே அவனுக்குப் பெயராகிவிடுகிறது. நிலங்கள் பல, வாத்தியங்கள் பல. ஆயினும் ஒருவனுக்கு ஒன்று. வறுமையில் வாடி, வள்ளலைத் தேடி நெடுவழி நடப்பவன் இரண்டு யாழைச் சுமப்பானா என்ன?

ஆகவே நாம் கேட்க வேண்டிய கேள்வி, வாத்தியங்கள் எப்போது பலவாயின என்பதன்று. அவை பலவும் எப்போது ஒரே வீட்டுக்குள் வந்து சேர்ந்தன என்பதே.

*

மிருதங்கத்துக்கும் ஏனைய பல தோற்கருவிகளுக்கும் உள்ள முக்கியமான வேற்றுமை அதன் வலந்தலையின் நடுவே கறுப்பாகத் தெரியும் கரணையில் இருக்கிறது. சோற்றையும் ஒருவகைக் கருங்கல்லின் பொடியையும் சேர்த்துக் குழைத்து, மெல்லிய அடுக்குகளாகத் தேய்த்துத் தேய்த்து ஏற்றப்படுவது அது. வட்டமாக இழுத்துக் கட்டிய வெறும் தோலை அடித்தால் எழும் மேற்சுரங்கள் ஒன்றோடொன்று இசைவதில்லை. எனவே அதில் ஓசை உண்டே தவிரத் தெளிவான சுருதி இல்லை. நடுவில் கரணை ஏறியதும் அந்த மேற்சுரங்கள் ஒழுங்குபட்டு, நரம்புக் கருவியில் போல முழு எண் விகிதங்களில் வந்து அமைகின்றன. இதை அறிவியல்முறையில் ஆராய்ந்து எழுதியவர் சர் சி.வி. ராமன். 1920இல் 'நேச்சர்' இதழில் அவர் பங்கேற்று எழுதிய குறிப்பும், 1934இல் வெளிவந்த அவருடைய விரிவான கட்டுரையும் இத்துறையில் முதன்மையானவை.

பெயர் அறியாத கைவினைஞர்கள் தலைமுறை தலைமுறையாகக் காதாலும் விரலாலும் கண்டடைந்த ஓர் உண்மைக்கு இயற்பியல் அளித்த சான்றிதழ் அது. ஆனால் இந்த மேன்மைக்கு ஒரு விலையும் உண்டு. சுருதியே இல்லாத பறை எந்தப் பாட்டுக்கும் ஒலிக்கலாம். சுருதி பேசும் மிருதங்கம் பாடகரின் ஆதார சட்ஜத்தோடு ஒன்றியே தீரவேண்டும். ஒன்றாவிட்டால் அது வெறும் ஓசையாக ஒதுங்கிப் போவதில்லை. அபசுரமாகக் காதைக் குத்தும்.

சரி, வேண்டிய சுருதிக்கு ஏற்றிக்கொண்டால் என்ன? மூட்டைக் கட்டையாலும் கல்லாலும் தட்டித் தட்டி ஏற்றவும் இறக்கவும் செய்கிறார்கள்தான். எல்லை அங்கேதான் குறுக்கிடுகிறது. ஒரு கட்டைக்கும் ஐந்து கட்டைக்கும் இடையிலுள்ள தொலைவு சட்ஜத்துக்கும் பஞ்சமத்துக்கும் உள்ள தொலைவு. அதிர்வெண் ஒன்றரை மடங்கு. இழுத்துக் கட்டிய தோலின் அதிர்வெண்ணை ஒன்றரை மடங்காக்க, கணக்குப்படி அதன் இழுவிசையை இரண்டேகால் மடங்காக்க வேண்டும். எந்தத் தோல் தாங்கும்? கீழிறக்கினாலோ தோல் தொய்ந்து நாதம் செத்துவிடும். எனவே ஒரு மிருதங்கம் தனக்கென வாய்த்த ஒரு சிறு வட்டாரத்துக்குள்தான் உயிரோடிருக்கிறது. உடலே வேறாக அமைந்தாலன்றி வேறு வழியில்லை. ஆகவேதான் ஏறத்தாழ 24 அங்குல நீளமுள்ளது தக்கு சுருதிக்கும், 22 அங்குல நீளமுள்ளது ஹெச்சு சுருதிக்கும் என்று இருவகை ஏற்பட்டன. தக்கு, ஹெச்சு என்பவை முறையே தாழ்வையும் உயர்வையும் குறிக்கும் தெலுங்குச் சொற்கள். 'கட்டை' என்பதோ ஆர்மோனியத்தின் கட்டைகளிலிருந்து வந்த வழக்கு. பெயர்களிலேயே வரலாறு படிந்து கிடக்கிறது.

*

இருவகையும் ஒருவருக்கே தேவைப்பட்டது எப்போது? இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் நிகழ்ந்த இரண்டு மாற்றங்களை நான் காரணமாகக் காண்கிறேன்.

முதலாவது ஒலிபெருக்கி. அது வருவதற்குமுன் கடைசி வரிசையில் அமர்ந்திருப்பவர் காதுக்கும் பாட்டு எட்டவேண்டுமானால் உச்சத்தில்தான் பாடவேண்டும். நாடக மேடையில் எஸ்.ஜி. கிட்டப்பாவும் கே.பி. சுந்தராம்பாளும் பாடியதை இசைத்தட்டில் கேட்டவர்களுக்கு இது புரியும். கிட்டப்பா 1933இல், இருபத்தேழாம் வயதில் மறைந்தார். அதற்குப் பின்வந்த ஆண்டுகளில் ஒலிபெருக்கி பரவலானது. ஆண் பாடகர்கள் தொண்டையை வருத்திக்கொள்ளாமல் படிப்படியாக ஒன்று, ஒன்றரை, இரண்டு கட்டைக்கு இறங்கி வந்தார்கள்.

இரண்டாவது, பெண்கள் கச்சேரி மேடையில் உறுதியாக நிலைபெற்றமை. எம்.எஸ். சுப்புலட்சுமி, டி.கே. பட்டம்மாள், எம்.எல். வசந்தகுமாரி ஆகிய மூவரும் சபாக்களின் போக்கையே மாற்றினர். மியூசிக் அகாதெமியின் சங்கீத கலாநிதி விருது 1968இல் எம்.எஸ்.ஸுக்கும், 1970இல் பட்டம்மாளுக்கும், 1977இல் எம்.எல்.வி.க்கும் வந்து சேர்ந்தது. பெண்களின் குரல் இயல்பாக நான்கு, ஐந்து, ஐந்தரை கட்டையில் நிற்பது.

ஒரே காலப்பகுதியில் ஆண்குரல் கீழே இறங்கியது. பெண்குரல் மேடைக்கு வந்தது. இடையிலிருந்த தொலைவு அகன்றது. அந்த அகன்ற இடைவெளியில் நிற்க நேர்ந்தவர் பக்கவாத்தியக்காரர். முன்பு ஓரிரு பாடகர்களோடு நெடுங்காலம் இணைந்து வாசித்தவர், சபாக்களும் ரயிலும் வானொலியும் பெருகிய பின், இன்று ஒருவருக்கும் நாளை வேறொருவருக்கும் வாசிக்க வேண்டியவரானார். இந்த மாற்றம் எல்லோராலும் எளிதில் ஏற்கப்பட்டதும் அன்று. மாமேதையான பாலக்காடு மணி ஐயரே நெடுங்காலம் பெண்களுக்கு வாசிப்பதில்லை என்றிருந்து, பின்னரே பட்டம்மாளுக்கு வாசித்தார். ஒரு வித்வான் வீட்டில் உயரம் குறைந்த மிருதங்கம் ஒன்று கூடுதலாக இருக்கிறதென்றால், அதற்குப் பின்னால் பெண்ணுக்கு மேடையில் கிடைத்த இடத்தின் வரலாறும் இருக்கிறது என்று சொன்னால் அது மிகையாகாது.

இதே சிக்கலை மற்ற வாத்தியங்கள் வெவ்வேறு விதமாகக் கடந்தன. வீணையில் தந்தியைத் திருகி ஓரளவு சமாளிக்கலாம். மூங்கிலைத் திருக முடியாது. ஆகவே குழல்வித்வானின் பையில் சுருதிக்கொரு குழல். சுட்ட மண்ணையும் திருக முடியாது; ஆகவே கடக்காரர் வீட்டில் மானாமதுரைப் பானைகள் வரிசையாக நிற்கும். நாகசுரத்திலோ திமிரி, பாரி என்ற இருவகையுள், டி.என். ராஜரத்தினம் பிள்ளை நீளமான பாரியைக் கையிலெடுத்துத் தாழ்ந்த சுருதியில் வாசித்தார். நாகசுர உலகமே அவர் பின்னால் சென்றது.

*

இப்போது நான் சிறுவயதில் கேட்ட வாக்கியத்துக்கு வருகிறேன்.

என் தாய்மாமா மிருதங்கம் வாசிப்பவர். தஞ்சை மாவட்டத்துச் சிற்றூர் ஒன்றில் பஜனைகளுக்கும் உள்ளூர்க் கச்சேரிகளுக்கும் வாசித்தார். அவரிடம் இருந்தது ஒரே மிருதங்கம், தக்கு சுருதி. எனக்குப் பத்து வயதிருக்கும்போது எங்கள் ஊர்க் கோயில் உற்சவத்துக்குத் திருச்சியிலிருந்து ஓர் அம்மையார் பாட வந்தார். அவரோடு வரவேண்டிய மிருதங்க வித்வானுக்குக் காய்ச்சல். "ஊர்லயே ஒருத்தர் இருக்காரே" என்று மாமாவை அழைத்தார்கள். அவர் வாழ்வில் அவ்வளவு பெரிய மேடை அதற்குமுன் வந்ததில்லை.

அம்மையாரின் சுருதி ஐந்தரை. அன்று பிற்பகல் முழுவதும் மாமா கூடத்தில் உட்கார்ந்து மூட்டைத் தட்டிக்கொண்டேயிருந்தார். இரண்டு, இரண்டரை, மூன்று. மூன்றைத் தாண்டியதும் வலந்தலை கிழிந்தது. பக்கத்து ஊரிலிருந்து வேறொருவரை அழைத்து வந்தார்கள். மாமா கச்சேரிக்குப் போகாமல் இருக்கவில்லை. பந்தலின் ஓரத்தில் அமர்ந்து தொடையில் தாளம் போட்டுக்கொண்டிருந்தார்.

மறுவாரம் மிருதங்கம் கட்டுபவர் வந்தார். கிழிந்த தோலைப் பார்த்துவிட்டு, "ஒரு உடம்பை ரெண்டு சாரீரத்துக்கு இழுத்தா இப்படித்தான் ஆகும் சாமி. சின்னதா ஒண்ணு போட்டுக்கிடுங்க" என்றார். மாமா சிரித்தார். புதுத்தோலுக்கான பணத்தையே அவர் இரண்டு மாதம் கழித்துத்தான் கொடுத்தார். இரண்டாவது மிருதங்கம் கடைசிவரை வாங்கவில்லை. அந்த வட்டாரத்தில் பெண்கள் பாடிய கச்சேரிகளுக்கு அதன்பின் யாரும் அவரைக் கூப்பிடவுமில்லை. அவருடைய கைக்கு ஒரு குறையுமில்லை என்று அறிந்தவர்கள் சொல்வார்கள். குறை மரத்தின் நீளத்தில் இருந்தது. அதை நிரப்பும் காசு இல்லாததில் இருந்தது.

ஆகவே ஒரு கலைஞர் பல வாத்தியங்களை வைத்திருப்பதைப் பேராசை என்றோ ஆடம்பரம் என்றோ நான் எளிதில் சொல்லமாட்டேன். அவர் எத்தனை குரல்களுக்கு முன்னால் உட்காரத் தகுதிபெற்றிருக்கிறார் என்பதன் கணக்கு அது. தகுதி கையில் மட்டும் இல்லை என்பதே இதிலுள்ள கசப்பு.

*

இன்னொரு கணக்கும் உண்டு. மிருதங்கம் ஒவ்வொன்றிலும் பசு, ஆடு, எருமை ஆகியவற்றின் தோல் சேர்கிறது. பலாமரத்தைக் குடைந்த கட்டையைச் சுற்றி எருமைத்தோல் வார் பிடித்து இழுக்கப்படுகிறது. வாசிக்க வாசிக்கக் கரணை தேய்கிறது, உதிர்கிறது. மறுபடி ஏற்ற வேண்டும். வித்வானிடம் ஐந்து இருந்தால் அவற்றுள் ஒன்றாவது எப்போதும் பட்டறையில் இருக்கும். வாத்தியம் பெருகப் பெருக, தோலைத் தேர்ந்து, பதப்படுத்தி, மூட்டிக் கட்டும் கைகளின் உழைப்பும் பெருகியது. வாருக்குப் பதிலாக இரும்புத் திருகாணி பொருத்தியவை வந்துவிட்ட இன்றும் தோல்வேலை மாறவில்லை. அந்தக் கைகளில் பெரும்பாலானவை தலித் கிறித்தவர்களுடையவை. மணி ஐயரின் நாதத்தைக் கேட்டு உருகியவர்கள் எத்தனையோ பேர். அவருக்கு மிருதங்கம் செய்த பர்லாந்தின் பெயரை அறிந்தவர்கள் எத்தனை பேர்? தஞ்சாவூர் செபஸ்தியான் வழிவந்த அந்தக் குடும்பத்தையும் பிற கைவினைஞர்களையும் பற்றி டி.எம். கிருஷ்ணா 'செபாஸ்டியன் அண்ட் சன்ஸ்' என்ற நூலை 2020இல்தான் எழுதினார். அதன் வெளியீட்டுக்கு அளித்திருந்த அரங்க அனுமதியைக் கலாக்ஷேத்ரா திரும்பப் பெற்றுக்கொண்டது. விழா வேறிடத்தில் நடந்தது.

ராமனின் கட்டுரையை நான் படித்தபோது, எங்கள் வீட்டுக்கு வந்த அந்த மனிதரை நினைத்துக்கொண்டேன். இழுவிசைக்கும் சுருதிக்கும் உள்ள உறவை அவர் ஒரே வாக்கியத்தில் சொல்லிவிட்டுப் போனார். கொல்லைப்புற வழியாக வந்து, கிணற்றடியில் உட்கார்ந்து தோலை மாற்றிக் கட்டிவிட்டு, அவ்வழியாகவே திரும்பிச் சென்றார். மாமா வாசித்த கீர்த்தனைகள் பல எனக்கு இன்றும் நினைவிருக்கின்றன. அவருடைய பெயரை நாங்கள் யாரும் கேட்டதில்லை.

அந்த மாணவனின் தந்தை அடுத்தமுறை வந்தபோது, "வாங்கிக் கொடுத்துவிடுங்கள்" என்று சொன்னேன். "எதுக்கு சார் ரெண்டு?" என்றார் மறுபடியும். எங்கிருந்து தொடங்குவது என்று தெரியாமல், "ஒன்று கிழிந்துவிடும்" என்று மட்டும் சொன்னேன். கிடாரில் கிழிவதற்கு என்ன இருக்கிறது என்று அவர் யோசித்திருக்கக்கூடும்.