வாவிக்கரையும் குழந்தைக் கல்வியும்

குழந்தையை நடுவாகக் கொண்ட கல்வி என்றதும், கட்டணம் செலுத்த வல்லோர் வீட்டுப் பிள்ளைகளுக்கு உரிய மேனாட்டு முறை என்றே நம்மிற் பலர் எண்ணுகின்றனர். வரலாறு இதற்கு நேர்மாறானது. 1907ஆம் ஆண்டில் உரோமாபுரியின் சான் லொறென்சோ என்னும் ஏழைத் தொழிலாளர் குடியிருப்பில், பெற்றோர் வேலைக்குச் சென்றபின் கவனிப்பாரின்றித் திரிந்த சிறுவருக்காகவே மரியா மொண்டிசோரி அம்மையாரின் முதற்பள்ளி தோன்றியது. 1939இல் சென்னை அடையாறுக்கு வந்த அவர், 1944இல் இலங்கைக்கும் வந்தார். ஏழைக்கென எழுந்த முறை ஏழைக்கு எட்டாததாக மாறியது எவ்வாறு? மட்டக்களப்பு வாவிக்கரையில் நின்று இவ்வினாவை நாம் எழுப்புகிறோம்.

இக்கரையின் கல்வி வரலாறு சிறியதன்று. 1814இல் மெதடிஸ்த பாதிரியார் வில்லியம் ஓல்ட் இங்கு வந்து பள்ளிப்பணியைத் தொடங்கினார். காரைதீவிற் பிறந்த சுவாமி விபுலாநந்தர் 1929இல் கல்லடி உப்போடையில் சிவானந்த வித்தியாலயத்தை நிறுவினார். கல்வியைப் பலருக்கும் உரியதாக்க இவர்கள் ஆற்றிய தொண்டை நாம் மறப்பதற்கில்லை. எனினும் பிள்ளைக்கு எதைக் கற்பிப்பது என்பதே அக்காலத்தின் பெருங்கவலை. பிள்ளை தானாகவே எவ்வாறு கற்கிறது என்ற கேள்வி பின்தங்கியே நின்றது.

1945இல் கன்னங்கராவின் முயற்சியால் இலவசக் கல்வி நடைமுறைக்கு வந்தது. பாலர் வகுப்பு முதல் பல்கலைக்கழகம் வரை என்ற அவ்வெற்றி, உழைக்கும் மக்களின் வாழ்வையே மாற்றியது. ஆயினும் அக்கதவு திறந்தது ஐந்து வயதிலேதான். படுவான்கரை வயல்களில் நாற்று நடவும் களை பறிக்கவும் செல்லும் தாயின் மூன்று வயதுப் பிள்ளை அக்கதவுக்கு வெளியே நின்றது. அப்பிள்ளையை இடுப்பிற் சுமக்க வீட்டில் நின்றுவிட்ட மூத்த பெண்பிள்ளைக்கோ, திறந்த கதவும் மூடிய கதவாயிற்று.

பின்னர் போர் வந்தது. 1990இல் காத்தான்குடிப் பள்ளிவாசல்களில் தொழுகையிலிருந்த முஸ்லிம்கள் கொல்லப்பட்டனர். சத்துருக்கொண்டானில் தமிழ்க் கிராமத்தவர் கொல்லப்பட்டனர். ஒரே மொழி பேசிய இரு சமூகத்துச் சிறுவரும் ஒருவரையொருவர் அஞ்சி வளர்ந்தனர். இச்சூழலில் 1996இல் யேசுசபைத் துறவி போல் சற்குணநாயகமும் கனேடியக் கலைஞர் போல் ஹோகனும் மட்டக்களப்பு நகரில் வண்ணத்துப்பூச்சிப் பூங்காவைத் தொடங்கினர். அது முன்பள்ளியன்று, ஆறு வயதைக் கடந்த சிறுவரே அங்கு வந்தனர். ஆனால் தமிழ்ப் பிள்ளையும் முஸ்லிம் பிள்ளையும் ஒருங்கிருந்து களிமண் பிசைந்தனர், வண்ணம் தீட்டினர், கதை புனைந்து நடித்தனர். பாடத்தைத் திணிக்காமல், பிள்ளை தன் வேகத்தில் வாய்திறக்கும்வரை பெரியோர் காத்திருந்தனர். குழந்தையை நடுவாகக் கொள்ளுதல் என்பதன் பொருளை இதைவிடத் தெளிவாக எந்நூல் விளக்கும்?

இன்று முன்பள்ளிகளிற் பெரும்பாலானவற்றைத் தனியாரும் சமய நிறுவனங்களும் தொண்டர் அமைப்புகளுமே நடத்துகின்றன. அங்கு பணிபுரியும் பெண்கள் பெறும் ஊதியமோ சொற்பம். போட்டிக்கு அஞ்சிய பெற்றோர் மூன்று வயதிலேயே எழுத்தையும் எண்ணையும் கேட்கின்றனர். விளையாட்டு வீண்பொழுதாகக் கருதப்படுகிறது. வண்ணப் பலகைகளும் மரக்கட்டைகளும் மட்டும் இந்நிலையை மாற்றமாட்டா.

ஆசிரியத் தோழர்களும் மாணவத் தோழர்களும் ஒன்றைச் சிந்திக்க வேண்டும். குழந்தையை நடுவில் வைப்பது கற்பிக்கும் முறை பற்றிய பிரச்சினை மாத்திரமன்று. எந்தக் குழந்தையை என்ற பிரச்சினையுமாகும். 1945இல் ஐந்து வயதில் திறந்த கதவை மூன்று வயதுக்கும் திறக்கச் செய்வதும், அங்கு கற்பிப்பவளுக்கு ஆசிரியருக்குரிய ஊதியத்தைப் பெற்றுக் கொடுப்பதும் நம் காலத்தின் கடமை. படுவான்கரைத் தாயின் பிள்ளை அவ்வாசலைக் கடக்கும் நாளிலேயே இலவசக் கல்வி முழுமை பெறும்.