முடியும் சீவரமும்

ஆள் பாதி, ஆடை பாதி என்பது முதுமொழி. அரசனை முடி காட்டும். துறவியைத் துவராடை காட்டும். போர்வீரனை அவன் சீருடை காட்டும். உடுத்தியவன் வாய் திறவாதிருக்கும்போதும் அவன் உடை பேசிக்கொண்டிருக்கின்றது. அப்பேச்சு சிலருக்கு இனிக்கும், சிலருக்குச் சுடும். சுடுகின்ற சின்னத்தை அணிந்தவனை அரசு என்ன செய்தல் தகும் என்ற வினா உலகெங்கும் எழுந்திருக்கின்றது. இலங்கையில் அவ்வினா மிகக் கடுமையான வடிவில் எழுந்த காலம் 1848ஆம் ஆண்டு, இடம் மாத்தளை.

கண்டியிலிருந்து வடக்கே ஏறக்குறைய 16 மைல் தொலைவில் மலைகளுக்கு நடுவே அமைந்த ஊர் மாத்தளை. அங்கிருந்து நாலந்தா வழியாகத் தம்புள்ளைக்குச் செல்லும் பழைய வீதி தமிழர் வரலாற்றோடும் பிணைந்தது. தென்னிந்தியாவிலிருந்து கோப்பித் தோட்டங்களை நாடி வந்த தொழிலாளர், மன்னார்க் கரையில் இறங்கி, காட்டு வழியாகக் கால்நடையாய் வந்து மலைநாட்டை அடைந்தது இவ்வீதியிலேதான். பசியாலும் நோயாலும் வழியில் மாண்டோர் பலர். பிழைத்து வந்தோர் வழிபட்ட முத்துமாரியம்மன் இன்றும் மாத்தளை நகரில் கோயில் கொண்டிருக்கின்றாள்.

1840ஆம் ஆண்டுகளில் கோப்பி மலைநாட்டின் முகத்தையே மாற்றியது. காடுகள் தோட்டங்களாயின, கிராமத்தவரின் நிலங்கள் பல முடிக்குரிய நிலமெனப்பட்டு விற்கப்பட்டன. 1847இல் கோப்பி விலை வீழ்ந்தது. அரச திறைசேரி வற்றியது. அவ்வாண்டு தேசாதிபதியாக வந்த டொரிங்டன் பிரபு, 1848 ஜூலையில் புதிய வரிகளை நடைமுறைக்குக் கொணர்ந்தார். துப்பாக்கிக்கு வரி, நாய்க்கு வரி, கடைக்கு வரி என்று அவை நீண்டன. அவற்றோடு, ஆண் ஒவ்வொருவனும் ஆண்டுக்கு 6 நாள் வீதி வேலை செய்யவேண்டும், அன்றேல் 3 சிலிங் செலுத்தவேண்டும் என்ற சட்டமும் வந்தது. கோப்பியை ஏற்றிச் செல்லும் வீதிகளுக்குத் தாம் ஏன் உழைக்கவேண்டும் என்று கிராமத்து மக்கள் கேட்டார்கள்.

அக்கேள்வியை அச்சில் ஏற்றியவர் ஒருவர் இருந்தார். கொழும்பு ஒப்சேவர் பத்திரிகையின் ஆசிரியராயிருந்த மருத்துவர் கிறிஸ்டோபர் எலியட், ‘ஓர் ஆங்கிலேயன்’ என்ற புனைபெயரில் ஒரு கடிதம் வெளியிட்டார். மக்களின் பிரதிநிதிகள் இசையாத வரி முறையன்று என்பது அக்கடிதத்தின் சாரம். அது சிங்களத்தில் மொழிபெயர்க்கப்பட்டு ஊர்களில் வாசிக்கப்பட்டது. ஐரோப்பாவெங்கும் புரட்சி வீசிய ஆண்டு அது. கிளர்ச்சிக்கு வித்திட்டது அக்கடிதமே என்று அரச தரப்பினர் பின்னர் குற்றஞ்சாட்டினர்.

வரியைப் பற்றிய முறையீடு செவிசாய்க்கப்படாதபோது, அது வேறு வடிவம் பூண்டது. 1848 ஜூலை 26ஆம் நாள், மாத்தளைப் பகுதியின் புகழ்பெற்ற தம்புள்ளைக் குகைக் கோயிலில் மக்கள் கூடினார்கள். கொங்காலேகொட பண்டா என்பவர் அங்கே அரசராக அபிடேகம் செய்யப்பட்டார். மொரட்டுவையிலிருந்து வந்த புரன் அப்பு அவருடைய வாளேந்தியானார்.

அன்று பண்டாவின் தலையில் இருந்தது எத்தகைய முடி என்பதைவிட, எது இல்லை என்பதே கருதத்தக்கது. கண்டி அரசரின் உண்மையான முடியும் அரியணையும் அவ்வேளையில் இலங்கையிலேயே இல்லை. 1815இல் கண்டி வீழ்ந்தபின் அவை இங்கிலாந்துக்குக் கொண்டுசெல்லப்பட்டன. கடைசி அரசரான ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கன் வேலூரில் சிறையிருந்து 1832இல் மாண்டார். ஆகவே தம்புள்ளையில் சூட்டப்பட்டது பொன்னாலான முடியன்று, நினைவாலான முடி. 33 ஆண்டுகளுக்கு முன் இழந்த ஒன்றை மக்கள் மனத்தில் மீட்டுக்கொண்ட சடங்கு அது. பிரித்தானிய அரசின் கண்ணிலோ அதைவிடப் பெரிய அவமதிப்பு வேறில்லை. வரி கொடுக்க மறுப்பவனைப் பொறுக்கலாம். முடி சூடியவனைப் பொறுப்பதெங்ஙனம்?

இரு நாள் கழித்து மாத்தளையில் கச்சேரி முதலிய அரச கட்டடங்கள் தாக்கப்பட்டன, ஆவணங்கள் அழிக்கப்பட்டன. குருநாகலிலும் கலகம் மூண்டது. கண்டியிலிருந்து விரைந்த படை வாரியப்பொல என்னுமிடத்தில் கூட்டத்தைச் சிதறடித்தது. ஜூலை 29ஆம் நாள் இராணுவச் சட்டம் பிரகடனம் செய்யப்பட்டது. உண்மையான கிளர்ச்சி அத்துடன் முடிந்துவிட்டது எனலாம். ஐரோப்பியர் ஒருவரும் அதில் உயிரிழக்கவில்லை. ஆனால் இராணுவச் சட்டம் அக்டோபர் வரை நீடித்தது. இராணுவ நீதிமன்றங்களின் தீர்ப்பினால் 18 பேர் சுட்டுக் கொல்லப்பட்டனர். புரன் அப்பு ஆகஸ்ட் 8ஆம் நாள் கண்டியில் சுடப்பட்டார்.

இலங்கையையும் இலண்டனையும் அதிரச் செய்த தண்டனையோ வேறொன்று. குடாபொல தேரர் என்னும் பிக்கு ஒருவர், ராஜத்துரோக உறுதிமொழி செய்வித்தார் என்ற குற்றச்சாட்டின்பேரில் இராணுவ நீதிமன்றத்தின்முன் நிறுத்தப்பட்டு மரணதண்டனை பெற்றார். சாட்சியத்தில் ஐயங்கொண்ட அரச வழக்கறிஞர் செல்பி, தண்டனையை ஒத்திவைக்குமாறு தேசாதிபதியை வேண்டினார். நாட்டின் வழக்கறிஞர் அனைவரும் கூடி அப்பிக்கு நிரபராதி என்றாலும் மறுநாட் காலை அவர் சுடப்படுவார் என்ற கருத்தில் தேசாதிபதி விடையிறுத்ததாகப் பின்னர் கூறப்பட்டது. 1848 ஆகஸ்ட் 26ஆம் நாள் கண்டியில் அத்தண்டனை நிறைவேறியது. பிக்கு தம் சீவர ஆடையோடே சுடப்பட்டார்.

அந்த ஆடையே பெரும் வழக்காயிற்று. பௌத்த மக்களுக்குச் சீவரம் ஒரு மனிதரின் உடையன்று. புத்தபிரான் வகுத்த சங்கத்தின் அடையாளம். 1815ஆம் ஆண்டுக் கண்டி ஒப்பந்தத்தில், பௌத்த சமயமும் அதன் குருமாரும் தலங்களும் பேணிக் காக்கப்படும் என்று பிரித்தானிய முடி வாக்களித்திருந்தது. சீவரத்தில் பாய்ந்த குண்டு அவ்வாக்குறுதியிலும் பாய்ந்தது என்று மக்கள் கருதினர். குற்றம் இருந்ததா இல்லையா என்ற ஆராய்ச்சியை அக்காட்சி பின்னே தள்ளிவிட்டது.

இங்கே ஓர் ஒப்பீடு தவிர்க்கவொண்ணாதது. சொல்லால் கிளர்ச்சியைத் தூண்டினார் என்று இருவர் மீது பழி விழுந்தது. ஒருவர் பத்திரிகையில் எழுதிய ஐரோப்பிய மருத்துவர். மற்றவர் உறுதிமொழி செய்வித்தார் எனப்பட்ட சிங்களப் பிக்கு. மருத்துவர் தொடர்ந்து எழுதினார். அவருடைய பத்திரிகை தேசாதிபதியைத் தொடர்ந்து கண்டித்தது. பிக்குவோ மதிலோரம் நிறுத்தப்பட்டார். கருத்துச் சுதந்திரம் நாட்டில் அறவே இல்லாதிருந்தது என்பதன்று குறை. அது ஆளுக்கேற்ப, உடைக்கேற்ப அளக்கப்பட்டது என்பதே குறை.

எனினும், கண்டியில் அடக்கப்பட்ட குரல் கடல் கடந்து ஒலிப்பதற்கு அந்தப் பத்திரிகைச் சுதந்திரமே வழி செய்தது. 1849இல் பிரித்தானியப் பாராளுமன்றத்தில் பெய்லி என்னும் உறுப்பினர் இலங்கை நிலைமையை எழுப்பினார். விசாரணைக் குழு அமைக்கப்பட்டது. பிக்கு சீவரத்தோடு சுடப்பட்ட செய்தி அங்கும் பேசப்பட்டது. 1850இல் டொரிங்டன் பதவி நீங்கி நாடு திரும்பினார். அரசைக் கண்டிக்கும் தீர்மானம் 1851இல் தோல்வியுற்றதாயினும், பழி நீங்கவில்லை. கொங்காலேகொட பண்டா செப்டம்பரில் எல்கடுவையில் பிடிபட்டார். அவருக்கு விதிக்கப்பட்ட மரணதண்டனை கசையடியாகவும் நாடுகடத்தலாகவும் குறைக்கப்பட்டது. மலாக்காவிற்கு அனுப்பப்பட்ட அவர் 1849இல் அங்கே மறைந்தார்.

85 ஆண்டுகள் சென்றபின், அதே பிரித்தானிய ஆட்சியின்கீழ் இன்னொரு சின்னம் மக்களின் மார்பில் ஏறியது. முதல் உலகப் போரில் மாண்டோரின் நினைவாக ஆண்டுதோறும் நவம்பர் 11ஆம் நாள் செந்நிறப் பொப்பிப் பூ விற்கப்பட்டு வந்தது. அதன் பணத்திற் பெரும்பகுதி கடல் கடந்து சென்றது. அதற்கு மாறாக உள்ளூர்ச் சூரியப் பூவை, அதாவது நம் பூவரசம் பூவை, அணியும் இயக்கம் 1933இல் தீவிரமடைந்தது. டொரீன் யங் என்னும் ஆங்கிலப் பெண்மணி ‘பூக்களின் போர்’ என்ற தலைப்பில் அதனை ஆதரித்துப் பத்திரிகையில் எழுதினார். போரில் மடிந்தோரின் நினைவைப் பூவரசம் பூ இழிவு செய்வதாகப் பிரித்தானியப் பற்றாளர் பலர் சினந்தனர். வாதம் நடந்தது, ஏளனம் நடந்தது, துப்பாக்கி பேசவில்லை. 1934-35 ஆண்டுகளில் மலேரியாக் கொள்ளைநோய் நாட்டை வாட்டியபோது, அவ்வியக்கத்தினர் நோயாளருக்கு மருந்தும் உணவும் சுமந்து சென்றனர். எதிர்ப்பின் சின்னம் தொண்டின் சின்னமாயிற்று.

1934இல் மற்றொன்றும் நிகழ்ந்தது. கண்டி அரசரின் முடியும் அரியணையும் இங்கிலாந்திலிருந்து இலங்கைக்குத் திருப்பித் தரப்பட்டன. எந்த முடியின் நிழலைச் சூடியதற்காக மாத்தளையில் இரத்தம் சிந்தப்பட்டதோ, அதே முடியை அதே அரசு தன் கையாலேயே மரியாதையுடன் அளித்தது. இன்று கொழும்பு அரும்பொருட்சாலையில் பள்ளிச் சிறுவர் அவற்றைக் கண்டு செல்கின்றனர். சின்னத்தின் பொருள் அதன் பொன்னில் இல்லை. காண்போர் நெஞ்சில் இருக்கின்றது. நெஞ்சு மாறினால் பொருளும் மாறும்.

சுதந்திர நாட்டிலும் இவ்வினா தீர்ந்துவிடவில்லை. 2014 ஏப்ரலில், கையில் புத்தர் உருவத்தைப் பச்சை குத்தியிருந்த ஆங்கிலச் சுற்றுலாப் பெண் ஒருவர் கட்டுநாயக்க விமான நிலையத்தில் கைதாகித் தடுத்துவைக்கப்பட்டு நாடுகடத்தப்பட்டார். அவர் பௌத்த நெறியில் பற்றுடையவர். அவமதிப்பென அதிகாரிகள் கண்டது, அணிந்தவருக்குப் பக்தியாய் இருந்தது. 2017இல் உயர் நீதிமன்றம் அவருடைய அடிப்படை உரிமைகள் மீறப்பட்டன எனத் தீர்ப்பளித்தது. இழப்பீடும் வழக்குச் செலவுமாக மொத்தம் 8 இலட்சம் ரூபாய் அவருக்கு வழங்கப்படவேண்டுமெனப் பணித்தது.

2019 மே மாதத்திலோ, மாத்தளை மாவட்டத்தின் எல்லையிலுள்ள நக்கிள்ஸ் மலைக்கு அப்பால், ஹசலக்க என்னுமிடத்தில் முஸ்லிம் பெண்மணி ஒருவர் கைது செய்யப்பட்டார். அவருடைய உடையில் பொறித்திருந்த சக்கரம் தர்மசக்கரம் எனக் கொள்ளப்பட்டதே காரணம். அது கப்பலின் சுக்கான் சக்கரம் என்று அவர் தரப்பினர் கூறினர். உயிர்த்த ஞாயிறு குண்டுவெடிப்புகளின்பின் நாடு அச்சத்தில் உறைந்திருந்த வேளை அது. அச்சம் மிகும்போது கண்ணுக்குச் சக்கரமெல்லாம் ஒன்றாகத் தோன்றும்.

சமயச் சின்னத்தின்மீது மக்கள் வைத்த பக்தி மெய்யானது. அதனை நகைத்து ஒதுக்குவோர் சீவரத்தின்மீது சுட்ட ஆட்சியாளரின் பிழையையே வேறொரு வகையில் செய்கின்றனர். புண்பட்டோர் பேசவும், எழுதவும், கண்டிக்கவும் உரிமையுடையர். ஆனால் புண்பட்ட உணர்ச்சி தானே நீதிபதியாக அமரும்போது, சான்றும் நோக்கமும் வெளியே நின்றுவிடுகின்றன. அணிந்தவர் எண்ணியது என்ன, செய்தது என்ன என்ற இரு கேள்விகளையும் அமைதியாகக் கேட்பதற்கே சட்டம் இருக்கின்றது.

1848இல் அக்கேள்விகளைக் கேட்க ஒருவர் இருந்தார். தேசாதிபதி அவருக்குச் செவிகொடுக்கவில்லை. செல்பி வேண்டியது விடுதலையன்று, காலம். அந்தச் சிறு காலத்தை மறுத்த ஆட்சி, பிக்குவின் வாயை ஓர் உதயத்தில் மூடிவிட்டது. அவர் அணிந்த சீவரமோ இன்றுவரை பேசிக்கொண்டிருக்கின்றது.