சில மாதப் பயணம், ஆறு வருடத் தேடல்

இஸ்லாமியத் தத்துவம் 1198-இல் இப்னு ருஷ்த் இறந்ததோடு முடிந்துவிட்டது. ஐரோப்பியப் புத்தகங்கள் நெடுங்காலம் இப்படித்தான் சொல்லிவந்தன. லத்தீனில் மொழிபெயர்க்கப்பட்ட நூல்களை மட்டும் வைத்து எழுதிய கணக்கு அது. ஈரானில் எழுதப்பட்டவை அதில் வரவேயில்லை.

அந்தக் கணக்கைத் திருத்தியவர்களில் முக்கியமானவர் ஆன்ரி கோர்பன். 1903-இல் பாரிஸில் பிறந்தவர். அவர் இளைஞராக இருந்தபோது, ஆசிரியர் லூயி மசினியோன் ஈரானிலிருந்து கொண்டுவந்த ஒரு கல்லச்சுப் புத்தகத்தை அவர் கையில் கொடுத்தார். சுஹ்ரவர்தி எழுதிய 'ஹிக்மத் அல்-இஷ்ராக்' என்ற நூல் அது. 'ஒளியின் ஞானம்' என்று தமிழில் சொல்லலாம்.

யார் இந்த சுஹ்ரவர்தி? இப்னு சீனாவின் தர்க்கத்தை முழுதாகக் கற்றவர். ஆனால் தர்க்கம் மட்டும் போதாது, உள்ளே நேரடியாக உணரும் அறிவும் வேண்டும் என்றவர். இருப்பவை அனைத்தும் ஒளியின் பல படிகள் என்பது அவருடைய கொள்கை. பிளாட்டோவையும் பழைய பாரசீக ஞானிகளையும் ஒரே வரிசையில் வைத்தார். 1191-இல் சுல்தான் சலாஹுத்தீனின் உத்தரவால் அலெப்போவில் கொல்லப்பட்டார். அப்போது அவருக்கு நாற்பது வயதுகூட ஆகவில்லை.

அவருடைய கையெழுத்துப் பிரதிகளைத் தேடி 1939-இல் இஸ்தான்புல் போனார் கோர்பன். சில மாத வேலை என்றுதான் கிளம்பினார். உலகப் போர் மூண்டது. 1945 வரை அங்கேயே தங்கிவிட்டார். வெளியே உலகம் எரிந்துகொண்டிருக்க, அவர் நூலகங்களில் உட்கார்ந்து பிரதிகளை வரிக்கு வரி ஒப்பிட்டுக்கொண்டிருந்தார். சுஹ்ரவர்தி நூல்களின் முதல் தொகுதி 1945-இல் வெளிவந்தது.

பிறகு தெஹ்ரான் சென்றார். 'முடிந்துபோன' தத்துவம் அங்கே உயிரோடு இருந்தது! பதினேழாம் நூற்றாண்டு முல்லா சத்ராவின் நூல்களை ஆசிரியர்கள் அப்போதும் பாடம் நடத்திக்கொண்டிருந்தார்கள். அவர்களில் ஒருவரான அல்லாமா தபாதபாயியுடன் கோர்பன் பல ஆண்டுகள் விவாதித்தார். 1964-இல் வெளியான அவருடைய இஸ்லாமியத் தத்துவ வரலாறு, இப்னு ருஷ்துக்குப் பிறகும் கதை தொடர்கிறது என்பதை ஐரோப்பிய வாசகர்கள் முன் வைத்தது.

கோர்பன் மீது விமர்சனமும் உண்டு. ஈரானுக்கு அதிக இடம் கொடுத்தார், தர்க்கத்தைவிட ஞான அனுபவத்தையே பெரிதாகக் காட்டினார் என்கிறார்கள் பின்னால் வந்த ஆய்வாளர்கள். அதில் நியாயம் இருக்கிறது. ஆனால் அப்படி விமர்சிப்பதற்கும் அவர் பதிப்பித்த நூல்கள் தேவைப்படுகின்றன.

1978-இல் கோர்பன் மறைந்தார். ஒரு மரபு இறந்துவிட்டது என்று எழுதுவது சுலபம். எழுதும் முன் அதன் ஊருக்குப் போய்ப் பார்ப்பதுதான் ஆராய்ச்சி.