வாடி: புத்தளக் கரையின் பருவக்கால ஊர்

மீன்பாடு உள்ள மாதங்களில் கடலோர மணலில் எழுந்து, பருவம் மாறியதும் பெரும்பாலும் கலைந்துவிடும் மீனவர் குடியிருப்புக்கு இலங்கையின் புத்தளம் மாவட்டக் கரையில் வாடி என்று பெயர். கற்பிட்டித் தீபகற்பத்தின் வெளிக்கடல் பக்கத்திலும், அதற்கு வடக்கே கிடக்கும் பத்தலங்குண்டு போன்ற மணல் தீவுகளிலும், தெற்கே உடப்பு முதல் சிலாபம் வரையிலும் வாடிகளைக் காணலாம். ஒற்றைக் குடிசையும் வாடிதான். நூறு குடிசை சேர்ந்த இடமும் வாடிதான். அதில் ஒரு பருவம் மட்டும் தங்குபவர்களும் உண்டு, மூன்று தலைமுறையாகக் குடியிருப்பவர்களும் உண்டு.

ஆண்டில் சில மாதங்களே மனிதர் தங்கும் தொழிலிடம் ஒரு பெயராக நிலைத்துவிடுவது உலகில் வேறு இடங்களிலும் நடந்திருக்கிறது. அதிகம் ஆராயப்பட்ட எடுத்துக்காட்டு ஸ்காண்டிநேவியாவின் ‘சேட்டர்’. கோடையில் மாடுகளையும் ஆடுகளையும் மலை மேய்ச்சலுக்கு ஓட்டிப்போய், அங்கேயே பால் கறந்து, வெண்ணெயும் பாலாடைக்கட்டியும் செய்து, குளிர் வருமுன் பள்ளத்தாக்கிலுள்ள பண்ணைக்குத் திரும்புவார்கள். அந்த மலைக்குடிலுக்கும் மேய்ச்சல் நிலத்துக்கும் சேர்த்து நோர்வேயில் சேட்டர் என்று பெயர். வைக்கிங்குகள் கடல் கடந்து குடியேறிய இடங்களுக்கும் அந்தச் சொல் கூடவே போயிற்று. ஷெட்லாந்துத் தீவுகளில் ‘செட்டர்’ என்று முடியும் ஊர்கள் பல உண்டு. இங்கிலாந்தின் ஏரி மாவட்டத்திலுள்ள ஆம்பிள்சைடின் கடைசி அசையும் இதே சொல்லின் தேய்ந்த வடிவந்தான். சுவீடனில் சேட்டர் என்றே ஒரு நகரம் இருக்கிறது. 1923ஆம் ஆண்டின் பெயர்ச் சட்டம் ஒவ்வொரு குடும்பத்துக்கும் நிலையான குடும்பப் பெயர் வேண்டும் என்று நோர்வேயில் விதித்தபோது, பலர் தாம் வாழ்ந்த பண்ணையின் பெயரையே எடுத்துக்கொண்டார்கள். சேட்டர், சேத்ரே என்னும் குடும்பப் பெயர்கள் இன்றும் அங்கே சாதாரணம். நோர்வே, சுவீடன் ஆகிய இரு நாடுகளின் இந்தக் கோடைக்கால மேய்ச்சல் மரபை யுனெஸ்கோ 2024 டிசம்பரில் மானுடத்தின் அருவப் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்த்தது.

புத்தளக் கரையின் வாடிக்கும் அது போன்ற தொழில், அது போன்ற பருவ நாட்காட்டி: மாட்டுக்குப் பதில் மீன், வெண்ணெய்க்குப் பதில் கருவாடு. பெயர் வரலாறு மட்டும் வேறு திசையில் போயிருக்கிறது.

வாடி என்ற சொல்லின் அடிப்பொருள் வேலி அடைத்த இடம். தமிழ்நாட்டில் மரவாடி, விறகுவாடி, சல்லிக்கட்டுக் காளை சீறி வெளிவரும் வாடிவாசல் எல்லாம் அந்தப் பொருளில் வந்தவை. மராத்தியில் வாடி என்றால் சிற்றூர். சாவந்த்வாடி அப்படி ஒரு பெயர். மன்னார் வளைகுடாவின் எதிர்க்கரையில், பாம்பனில், படகுகள் கரையேறும் ஓர் இடத்துக்குத் தெற்குவாடி என்று பெயர். இலங்கையில் இந்தச் சொல் தங்குமிடம் என்ற பொருளுக்கு நகர்ந்தது. பிரித்தானியர் காலத்தில் அரசு அதிகாரிகள் தங்கக் கட்டப்பட்ட ‘ரெஸ்ட் ஹவுஸ்’ ஈழத் தமிழில் வாடிவீடு ஆயிற்று. கிழக்கில் நெல்வயல் காவலுக்குப் போடும் குடிலும் வாடி. சிங்களத்தில் அது வாடிய. காட்டு முகாமுக்கும் கடற்கரைக் குடிலுக்கும் பொதுவான சொல். கொழும்பு வெள்ளவத்தைக் கடற்கரையில் பீச் வாடிய என்ற பெயரில் பெயர்பெற்ற ஒரு கடலுணவுக் கடையே இருக்கிறது.

இந்தக் கரையின் பருவத் தொழிலைப் பற்றிய பழைய எழுத்துச் சான்றுகளுள் ஒன்றை 1344இல் வந்த மொராக்கோப் பயணி இபின் பதூதா விட்டுச் சென்றார். யாழ்ப்பாண மன்னன் ஆரியச் சக்கரவர்த்தியை அவர் சந்தித்த பத்தாளா என்ற ஊரைப் புத்தளம் என்று அறிஞர்கள் அடையாளம் காண்கிறார்கள். மரமதிலும் மரக்கோபுரங்களும் சூழ்ந்த சிறிய ஊர் அது. குளிப்பில் எடுத்து வந்த முத்துகளை மன்னன் முன்னிலையில் ஆட்கள் தரம் பிரித்துக்கொண்டிருந்ததை அவர் பார்த்திருக்கிறார். அங்கிருந்து பாவா ஆதம் மலைக்குப் போகும் வழியில் அவர் கடந்த பந்தர் சலாவாத்தைச் சிலாபம் என்று கொள்கிறார்கள். முத்துக்குளிப்புக்குத் தமிழில் சலாபம் என்று பெயர். அதுதான் சிலாபம் என்று ஊர்ப்பெயராக நின்றது என்பது பொதுவாக ஏற்கப்பட்ட விளக்கம். அதே சொல் மன்னார்க் கரையில் சிலாவத்துறை என்று இன்னோர் ஊரைத் தந்தது. போர்த்துக்கேயர் மன்னார் வளைகுடாவின் முத்துத் திட்டுகள் அனைத்தையுமே ‘சிலாவ் திட்டுகள்’ என்று அழைத்தார்கள். சில வாரங்களே நடக்கும் ஒரு தொழிலின் பெயர் ஒரு கடலுக்கே பரவியதற்கு இதைவிட நல்ல சான்று கிடைப்பது அரிது.

முத்துக்குளிப்பு முகாம்தான் வாடி மரபின் உச்சம். புத்தளம் மாவட்டத்தின் வட எல்லையைத் தாண்டியதும் வருகிற மரிச்சுக்கட்டியில், 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆள் நடமாட்டமில்லாத கரையில் சில வாரங்களுக்குள் தெருக்களும் கடைகளும் மருத்துவமனையும் நீதிமன்றமும் கொண்ட நகரம் எழுந்தது. 1906இல் அங்கே பணிக்கு அனுப்பப்பட்டவர்களில் பிற்காலத்தில் எழுத்தாளராகப் பெயர்பெற்ற லெனார்ட் வூல்ஃபும் ஒருவர். கீழக்கரையிலிருந்தும் அரபு நாடுகளிலிருந்தும் வந்த குளியாட்கள், வியாபாரிகள் என்று 20,000க்கும் அதிகமானோர் கூடிய முகாம் அது. அள்ளிவந்த சிப்பியைக் கொட்டிப் பங்கு பிரிக்கும் வேலியிட்ட வளாகத்துக்குக் கொட்டு என்று பெயர். மூன்றில் இரண்டு பங்கு அரசுக்கு, ஒரு பங்கு குளித்தவர்களுக்கு. 1907க்குப் பிறகு பல ஆண்டுகள் குளிப்பு நடக்கவில்லை. நகரம் இருந்த இடத்தில் சிப்பி ஓடுகளின் மேடுகள் எஞ்சின.

மீன்வாடி இத்தனை பிரம்மாண்டமானதல்ல. அதன் ஆயுள்தான் நீளம்.

அதன் நாட்காட்டியைக் காற்று எழுதுகிறது. மே முதல் செப்டெம்பர் வரை தென்மேற்குப் பருவக்காற்றில் மேற்குக் கடல் கொந்தளிக்கும். அப்போது கிழக்குக் கடல் அமைதி. ஒக்டோபருக்குப் பின் நிலைமை தலைகீழ். ஆகவே நீர்கொழும்பு, வென்னப்புவ, சிலாபம் மீனவர்களில் பலர் ஒக்டோபர் தொடங்கி ஏப்ரல் வரை கற்பிட்டித் தீவுகளிலும், மற்ற மாதங்களில் முல்லைத்தீவு, திருகோணமலைக் கரைகளிலும் வாடி போட்டு வந்தார்கள். உடப்பின் தமிழ் மீனவர்களும் கரைவலையோடு முல்லைத்தீவுக்குப் போய்வந்தவர்கள். இராமேஸ்வரப் பக்கத்திலிருந்து தம் முன்னோர் வந்தார்கள் என்பது உடப்பு ஊர் மரபு. திரௌபதி அம்மன் கோயில் தீமிதிப்பும் வலை இழுக்கும்போது பாடும் அம்பாப் பாடல்களும் அந்த ஊரின் அடையாளங்கள். போன இடத்திலும் அம்பா ஒலித்தது.

வாடி கட்டுவது அரைநாள் வேலை. மணலில் கம்பு நட்டு, கிடுகு வேய்ந்து, கடலைப் பார்த்த பக்கத்தைத் திறந்தே விடுவார்கள். உள்ளே ஒருபுறம் வலைக்குவியல், மறுபுறம் பாய்கள், நடுக்கம்பில் அந்தோனியார் படம். வெளியே குடிநீர் பீப்பாய்கள், ஐஸ் பெட்டி, உப்புத் தொட்டி. பாரை, கட்டா போன்ற பெரிய மீன்களை முதுகுப்பக்கம் பிளந்து, குடலும் செவுளும் நீக்கி, சதையில் கீறல் போட்டு, கல்லுப்பைக் கீறலுக்குள் திணித்துத் தொட்டியில் அடுக்குவார்கள். ஊறியதும் கடல்நீரில் அலசிப் பரணில் விரிப்பார்கள். நண்பகலில் புரட்டிப் போட வேண்டும். தவறினால் அடிப்பக்கம் புழுத்துவிடும். நெத்தலிக்கும் சூடைக்கும் இந்தப் பாடெல்லாம் இல்லை, பழைய வலையை விரித்து அதன்மேல் பரப்பினால் வெயில் பார்த்துக்கொள்ளும். இந்த உலர்த்தும் வேலையில் பெரும்பகுதி பெண்களின் கையில். கருவாட்டு விலையைத் தீர்மானிப்பது அவர்களுடைய கைத்திறன்தான் என்றாலும், வாடி அழைக்கப்படுவது ஆண்களின் பெயரில்.

பெயர் விஷயத்தில் நோர்வேயும் புத்தளமும் பிரிவது இங்கேதான். அங்கே நிலத்தின் பெயர் மனிதருக்குப் போயிற்று. இங்கே மனிதரின் பெயர் நிலத்துக்கு வந்தது. வலைக்கும் படகுக்கும் சொந்தக்காரரான சம்மாட்டியின் பெயரைச் சொல்லி, இன்னாருடைய வாடி என்பதுதான் வழக்கு. சம்மாட்டி மாறினால் வாடியின் பெயரும் மாறும். இக்கரையின் கத்தோலிக்கக் குடும்பங்கள் வர்ணகுலசூரிய, குருகுலசூரிய, மிஹிந்துகுலசூரிய என்று குலப்பெயரையும், பெர்னாண்டோ, பெரேரா என்று போர்த்துக்கேயர் காலப் பெயரையும் சேர்த்துச் சுமக்கின்றன. முஸ்லிம் குடும்பங்களில் கடல் வணிகத்தை நினைவூட்டும் மரைக்கார் உண்டு. தமிழ் இந்துக்களுக்குத் தந்தை பெயரின் முதலெழுத்து. 1807இல் கற்பிட்டியில் பிறந்து, 1834இல் இலங்கையின் ஊர்களையும் இடங்களையும் அகர வரிசையில் தொகுத்து வெளியிட்ட சைமன் காசிச்செட்டியின் பெயரிலும் குலமே நிற்கிறது. ஊரைப் பெயருக்கு முன்னால் வைத்துக்கொள்ளும் வழக்கம் எழுத்தாளரிடையே உண்டு. ‘உடப்பூர்’ என்று தொடங்கும் பெயர்களை இலங்கைத் தமிழ் இதழ்களில் பார்க்கலாம். வாடியைப் பெயரில் சேர்த்தவரைக் காண்பது அரிது.

அதற்காகத் தொழில் ஊர்ப்பெயர்களில் இடம்பெறாமல் போகவில்லை. புத்தளத்தையே புது அளம், அதாவது புதிய உப்பளம், என்று விளக்குவது வழக்கம். கரைவலையை வளைத்து இழுக்கும் கடற்கரைத் துண்டுக்குப் பாடு என்று பெயர். யார் எந்தப் பாட்டில், எந்த முறையில் வலை விடலாம் என்பது தலைமுறை தலைமுறையாக வரும் ஒழுங்கு. சென்னைக்கு வடக்கே பழவேற்காட்டு ஏரியிலும் இதே பெயரில் முறைவைத்து மீன்பிடிப்பார்கள். உடப்புக்கு அருகே சின்னப்பாடு என்றும், முல்லைத்தீவில் கள்ளப்பாடு என்றும் ஊர்களே இருக்கின்றன. குடிலின் பெயரைவிட வலை விழும் இடத்தின் பெயர்தான் இக்கரையில் நிலைத்தது. கூரை பருவத்துக்கு ஒருமுறை மாறும். பாட்டின் எல்லை மாறாது.

இந்த வேறுபாடு வெறும் பெயர் ஆராய்ச்சியோடு நிற்பதில்லை. 1981ஆம் ஆண்டின் 57ஆம் இலக்கக் கரையோரப் பாதுகாப்புச் சட்டம் சராசரி உயர்நீர்க் கோட்டிலிருந்து 300 மீட்டர் வரையிலான நிலப்பகுதியைக் கரையோர வலயத்துக்குள் கொண்டுவந்தது. வாடிகள் எல்லாம் அந்த வலயத்துக்குள்தான் நிற்கின்றன. சம்மாட்டியின் பெயரால் வாய்வழக்கில் மட்டும் வாழும் ஓர் இடத்துக்கு உறுதிப் பத்திரம் காட்டுவது கடினம். கற்பிட்டியிலும் அதைச் சூழ்ந்த 14 தீவுகளிலும் பெரிய சுற்றுலாத் திட்டம் அறிவிக்கப்பட்டபோது, மீனவர் அமைப்புகள் எழுப்பிய கேள்வி இதுதான்: பருவந்தோறும் பாட்டன் காலத்திலிருந்து வந்து தங்கும் கரை யாருடையது?

கிழக்கே இதே கேள்வி இரத்தம் சிந்த வைத்தது. மேற்குக் கரையிலிருந்து சென்று கொக்கிளாயிலும் நாயாற்றிலும் குடியேறியிருந்த சிங்கள மீனவர்கள் மீது 1984 டிசம்பர் 1ஆம் தேதி விடுதலைப் புலிகள் நடத்திய தாக்குதலில் பெண்களும் குழந்தைகளும் உட்படப் பலர் கொல்லப்பட்டார்கள். அதே மாதத்தில் கொக்கிளாய், கொக்குத்தொடுவாய்ப் பகுதியின் தமிழ்க் குடும்பங்கள் இராணுவ நடவடிக்கையால் ஊரைவிட்டே துரத்தப்பட்டார்கள். போர் முடிந்தபின் இரு தரப்பும் அதே கரைக்குத் திரும்பியபோது, வாடி போடும் உரிமை மீண்டும் பிணக்கானது. 2018 ஆகஸ்டில் நாயாற்றில் தமிழ் மீனவர்களின் வாடிகளும் படகுகளும் வலைகளும் தீக்கிரையாயின.

புத்தளம் மாவட்டத்துக்கு வேறொரு வகைத் தற்காலிகக் குடியிருப்பும் வந்து சேர்ந்தது. 1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்து விடுதலைப் புலிகளால் வெளியேற்றப்பட்ட ஏறத்தாழ 75,000 முஸ்லிம்களில் பெரும்பகுதியினர் புத்தளத்திலும் கற்பிட்டித் தீபகற்பத்திலும் தஞ்சம் புகுந்தார்கள். தென்னந்தோப்புகளில் கிடுகுக் குடில்கள் எழுந்தன. சில மாதங்களுக்கு என்று போட்டவை ஆண்டுக்கணக்கில் நின்றன. உலக வங்கி உதவியோடு 2007இல் தொடங்கிய வீடமைப்புத் திட்டத்தில் கல்வீடுகள் வந்தன. முகாம்கள் ‘புரம்’ என்றும் ‘நகர்’ என்றும் பெயர் பெற்றுக் கிராமங்களாயின. இந்தக் கிராமங்களுக்குப் பெயரும் வாக்காளர் பதிவும் பள்ளிக்கூடமும் கிடைத்திருக்கின்றன. வெளிக்கடல் பக்கத்து வாடிகளில், தேவாலயமும் கடையும் எழுந்துவிட்ட இடங்களிலும்கூட, ஒக்டோபரில் படகிறங்கும் குடும்பம் இன்றும் சம்மாட்டியின் பெயரைச் சொல்லித்தான் தன் இடத்தை அடையாளம் காட்டுகிறது.