மேட்ச் முடிஞ்சதும் பார் திறக்கும்... ஆஸி கிளப்ல சேரப் போறீங்களா?

மெல்போர்னுக்கோ சிட்னிக்கோ படிக்கப் போறீங்களா? சனிக்கிழமை கிரிக்கெட் ஆட பக்கத்து கிளப்பில் எப்படியும் சேர்ந்துவிடுவீர்கள். ஆட்டம் முடிந்ததும் கிளப் கட்டடத்திலேயே பார் திறக்கும். அங்கே அது சகஜம். பல கிளப்கள் மைதானப் பராமரிப்புக்கே அந்த பார் காசைத்தான் நம்பியிருக்கின்றன. சிக்கலே அங்கேதான்! நீங்கள் எவ்வளவு குடிக்கிறீர்களோ, கிளப்புக்கு அவ்வளவு லாபம்.

இதை மாற்றத்தான் 2000-ல் 'குட் ஸ்போர்ட்ஸ்' திட்டம் வந்தது. கிளப்களுக்கு இலவசம். 'குடிக்காதே' என்று யாரும் பாடம் எடுக்க மாட்டார்கள். கிளப்பின் பழக்கத்தைத்தான் மாற்றுவார்கள். ஆட்ட நாயகனுக்கு பீர் பெட்டி பரிசா? கூடாது. மலிவு விலை ஆஃபரும் கூடாது. சாப்பாடு, மது இல்லாத பானங்கள் கட்டாயம். குடித்தவர் பத்திரமாக வீடு போக ஏற்பாடு வேண்டும். பாரில் நிற்பவர் பயிற்சி பெற்றவராக இருக்கணும். போதை ஏறியவருக்கு மேலும் ஊற்றிக் கொடுப்பது அங்கே சட்டப்படியே குற்றம்.

நியூ சவுத் வேல்ஸ் கால்பந்து கிளப்களில் இப்படிப்பட்ட விதிகளைக் கொண்டுவந்து பரிசோதித்தபோது, அளவுமீறிக் குடிப்பது குறைந்தது.

ஒரு கணக்கு... 375 மி.லி. சாதா பீர் கேன் ஒன்றிலேயே சுமார் 14 கிராம் ஆல்கஹால். வண்டி ஓட்ட ரத்தத்தில் 0.05 சதவிகிதத்துக்குக் கீழே இருக்கணும். புது லைசன்ஸ்காரர்களுக்கு பூஜ்யம்தான். 'ரெண்டே கேன்தான் மச்சி' என்பதெல்லாம் அங்கே செல்லாது.

சேரும் முன் கேளுங்க, "உங்க கிளப் குட் ஸ்போர்ட்ஸ்ல இருக்கா?"