கீறல் விழுந்த சிடியும் ஹாமிங்கின் கோபமும்

போன சாரல் சீசனில் பரண் சுத்தம் செய்தபோது ஒரு சிடி கிடைத்தது. மேலே 'குற்றாலம் 2006' என்று சித்தப்பாவின் கையெழுத்து. ஐந்தருவியில் குளித்துவிட்டு நிற்கும் தாத்தா அதில் இருக்கிறாராம். தாத்தா இப்போது இல்லை. வேறு பிரதியும் இல்லை. கம்ப்யூட்டரில் போட்டால் 'சைக்ளிக் ரிடன்டன்சி செக்' என்று ஒரு பிழைச்செய்தி. அது என்னவென்று தேடிப் படித்ததுதான் இந்தக் கட்டுரை.

நான் பி.காம் மாணவன், அதனால் கணக்கிலிருந்தே தொடங்குகிறேன். இருப்பாய்வில் பற்றும் வரவும் ஒத்துப்போகாவிட்டால் எங்கோ தப்பு என்று தெரியும். எங்கே என்று தெரியாது. பழைய கம்ப்யூட்டர்களும் அப்படித்தான். 1940களின் பிற்பகுதியில் அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் ரிச்சர்ட் ஹாமிங் என்ற கணித அறிஞர், வார இறுதியில் தன் கணக்குகளை இயந்திரத்தில் ஓடவிட்டுப் போவார். பிழை கண்டால் இயந்திரம் அந்தக் கணக்கைக் கைவிட்டு அடுத்ததற்குத் தாவிவிடும். திங்கட்கிழமை வந்து பார்த்தால் விடை இருக்காது. தப்பு இருப்பதைக் கண்டுபிடிக்கும் இயந்திரம், அது இருக்கும் இடத்தையும் கண்டுபிடித்துத் திருத்தினால் என்ன? இந்தக் கோபத்தில் பிறந்ததுதான் 1950ல் வெளியான ஹாமிங் குறியீடு.

யோசனை எளிதுதான். ஓர் அட்டவணையில் குறுக்கு வரிசைக்கும் நெடுக்கு வரிசைக்கும் தனித்தனியே கூட்டுத்தொகை எழுதுங்கள். ஓர் எண் மாறிவிட்டால், ஒத்துப்போகாத இரண்டு வரிசைகளும் சந்திக்கும் கட்டம்தான் குற்றவாளி. வித்தியாசத்தைப் பார்த்தால் சரியான எண்ணும் கிடைத்துவிடும்.

1960ல் இர்விங் ரீட், கஸ்டவ் சாலமன் இருவரும் இதைவிடப் பலமான முறையைக் கண்டார்கள். 1986ல் வாயேஜர் 2 யுரேனஸ் படங்களை அனுப்பியது அதன் துணையோடுதான். சோனி, பிலிப்ஸ் சேர்ந்து உருவாக்கி 1982ல் விற்பனைக்கு வந்த சிடியிலும் அதே முறைதான். 24 பைட் தகவலுக்கு 8 பைட் உபரி. அடுத்தடுத்த தகவல்களைச் சிதறடித்து எழுதுவதால், தடத்தில் சுமார் 2.5 மில்லிமீட்டர் நீளம் சேர்ந்தாற்போல் அழிந்தாலும் மீட்டுவிடலாம்.

அப்படியானால் நம்ம சிடி ஏன் படுத்தது? சைக்ளிக் ரிடன்டன்சி செக் என்பது இருப்பாய்வு மாதிரி. தப்பைக் காட்டும், திருத்தாது. திருத்தும் சக்தி தீர்ந்த பிறகும் தப்பு மிச்சமிருந்தால் அந்தச் செய்தி வரும்.

மெல்லிய துணியால் நடுவிலிருந்து விளிம்பு நோக்கி நேராகத் துடைத்தேன். வட்டமாகத் துடைத்தால் தடத்தின் போக்கிலேயே கீறல் விழும், அது இன்னும் மோசம். பிறகு டிடிரெஸ்க்யூ என்ற இலவச மென்பொருள். படிக்க முடிந்த பகுதிகளை முதலில் எடுத்துக்கொண்டு, முரண்டு பிடிப்பவற்றை மறுபடி மறுபடி முயலும். இரவு முழுக்க ஓடியது. தாத்தாவின் முகம் வந்துவிட்டது. இடுப்புக்குக் கீழே வெறும் சாம்பல் நிறம்.

15ஆம் நூற்றாண்டில் தென்காசி கோயிலைக் கட்டிய பராக்கிரம பாண்டியன், பின்னாளில் இதற்கு ஒரு குறை வந்தால் சரிசெய்து காப்பவர்களைப் பணிகிறேன் என்று கல்வெட்டில் பாட்டாகவே எழுதி வைத்தார். நல்லபடியாக இருக்கும்போதே பழுதை நினைத்த மன்னர்! ஹாமிங்கும் அதைத்தான் செய்தார். திருத்தம் என்பது அழிந்த பிறகு செய்வதல்ல, எழுதும்போதே சேர்த்து வைப்பது. உங்கள் வீட்டுப் பரணிலும் ஒரு சிடி இருக்கும். இன்றே ஒரு பிரதி எடுத்துவிடுங்கள், சரிதானே?