ஐந்தாண்டு நடந்த மந்தை

மெக்கன்சி ஆறு ஆர்க்டிக் கடலில் கலக்கும் கனடாவின் வடமேற்குக் கழிமுகத்தில், இனுவிட் மக்களுக்கு இறைச்சியும் உடுக்கத் தோலும் கொடுத்த விலங்கு காரிபூ என்னும் காட்டுமான். 1890 முதல் அக்கரையோரத்து ஹெர்ஷல் தீவில் குளிர்காலத்தைக் கழித்த திமிங்கில வேட்டைக் கப்பல்களுக்கும் அந்த இறைச்சியே உணவானது. துப்பாக்கிகளும் பெருகின. சில பத்தாண்டுகளில் கரையோரத்தில் காரிபூ அருகிப்போனது.

அதற்கு ஈடாகக் கனடா அரசு தேர்ந்தது வளர்ப்புத் துருவமானை. காரிபூவும் அதுவும் ஒரே இனம். மனிதனுக்குப் பழகியதே முக்கிய வேறுபாடு. சைபீரியாவிலிருந்து தருவித்த மான்கள் பக்கத்து அலாஸ்காவில் நன்கு பெருகியிருந்தன. அரசு அனுப்பிய போர்சில்டு சகோதரர்கள் மேய்ச்சல் நிலத்தை ஆராய்ந்து வந்தபின், அலாஸ்காவின் லோமன் நிறுவனத்திடம் 3,000 மான்களுக்கு விலை பேசப்பட்டது.

1929 டிசம்பர் கடைசியில் கோட்செபூ வட்டாரத்திலிருந்து ஏறக்குறைய 3,400 மான்கள் கிளம்பின. தலைமை மேய்ப்பர் ஆண்டி பார், ஸ்காண்டினேவியாவின் சாமி இனத்தவர். ஐம்பது வயதைக் கடந்தவர். சுமார் 2,400 கிலோமீட்டர் தொலைவை இரண்டாண்டுக்குள் கடந்துவிடலாம் என்பது கணக்கு. மான்களுக்கு ஒப்பந்தக் கெடு தெரியாதே! வசந்தத்தில் சினைமான்கள் ஈன்றால், கன்றுகள் தேறும்வரை மந்தை நின்றாக வேண்டும். கோடையில் சதுப்பும் கொசுவும் வழிமறிக்கும். ஓநாய்கள் பின்தொடர்ந்தன. பனிப்புயலில் சிதறிய மான்கள் பழைய மேய்ச்சல் நிலத்தை நோக்கியே திரும்பி ஓடின. ஆட்கள் பின்னால் போய் நாட்கணக்கில் தேடித் திருப்பினர்.

1934 தொடக்கத்தில் மந்தை மெக்கன்சி கழிமுகத்தை எட்டியது. உறைந்த கழிமுகத்தைக் கடந்து கிழக்குக் கரைக்குப் போக வேண்டும். காற்று பனித்தூளைத் துடைத்துவிட்ட வழுக்கலான பனிக்கட்டியில் குளம்பு பாவாது. மான்கள் கால் பரப்பி விழும். மேயவும் அங்கே ஒன்றுமில்லை. பாதி வழியில் புயல் பிடித்துக்கொள்ள, மான்கள் மேற்குக் கரைக்கே திரும்பிவிட்டன. அதனால் இன்னும் ஓராண்டு காத்திருக்க நேர்ந்தது. 1935 மார்ச்சில்தான் மந்தை கிழக்குக் கரையிலுள்ள கிட்டிகாசுவிட் சேர்ந்தது. எண்ணியபோது இருந்தவை சுமார் 2,370. அவற்றில் ஐந்தில் நான்கு பங்கு வழியில் பிறந்தவை.

பார் தம் வேலையை முடித்தார். அரசின் எண்ணமோ முழுதாகக் கைகூடவில்லை. 1938 முதல் உள்ளூர்க் குடும்பங்களிடம் சிறு மந்தைகள் ஒப்படைக்கப்பட்டன. வேட்டையிலும் கண்ணி வைப்பதிலும் தேர்ந்தவர்களுக்கு, ஆண்டு முழுதும் மந்தையோடு கட்டுண்டு கிடப்பது ஒத்துவரவில்லை. அச்சிறு மந்தைகளில் பல அரசு மந்தைக்கே திரும்பின. அதன் வழிவந்த மான்கள் இனுவிக், டுக்டோயக்டுக் ஊர்ப்புறங்களில் இன்றும் மேய்கின்றன.